புதிய வழிகளும் பழைய நோயும்

நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்றொரு சரக்கு கிடைக்கும். பெயரில் பட்டை இருந்தாலும் அது ஒரு கிழங்கு; சீன நாட்டில் விளையும் ஒருவகைக் கொடியின் கிழங்கு. சீனத்துக் கிழங்கிற்குப் பறங்கியின் பெயர் எப்படி வந்தது? பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனைக் கோவாவுக்குக் கொண்டு வந்தனர். அங்கே மருத்துவராக இருந்த கார்சியா ட ஓர்த்தா என்பவர், 1563-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கிழங்கு எந்த நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டதோ, அந்நோயையும் தமிழர் பறங்கிப்புண் என்றே அழைத்தனர். வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம், அதே நூற்றாண்டில் அதனைப் 'பிரங்க ரோகம்' என்று குறித்தது. இன்று மருத்துவர்கள் அதனைச் சிபிலிஸ் என்பர். உடலுறவினால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் பால்வினை நோய்களுள் அது பெயர் பெற்றது.

மாணவ அன்பர்களே! இந்நோயும் இதன் இனத்தைச் சேர்ந்த பிற நோய்களும் காலந்தோறும் எவ்வழியே பயணம் செய்தன, ஒவ்வொரு முறையும் உலகம் யார்மீது பழி சுமத்தியது, யாரைக் கேளாமல் விட்டது என்பனவற்றைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். பழங்கதை பேசுவதற்காக அன்று. நம் காலத்தில் ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் கைப்பேசியின் திரையில் அறிமுகமாகி, அன்று மாலையே நேரில் சந்திக்க இயலுகிறது. இவ்வழியில் துணை தேடும் ஆடவர்க்கு நோய் மிகுதியாக வருமா என்ற கேள்வி, 20 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வருகிறது. அதற்கு நேரான விடை காண வேண்டுமாயின், 500 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று வருவது நல்லது.

1495-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸ் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகருள் படையோடு புகுந்தான். அப்படையில் பல நாட்டுக் கூலி வீரர்கள் இருந்தனர். அவ்வாண்டிலேயே அவர்களிடையே கொடிய புண்ணோடு கூடிய ஒரு நோய் தோன்றிப் பரவிற்று. படை கலைந்தது, வீரர்கள் தத்தம் ஊர் திரும்பினர், நோயும் அவர்களோடு ஊர் ஊராகச் சென்றது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருசியர் போலந்து நோய் என்றனர். நாம் பறங்கியின் பெயரை இட்டோம். தன் நாட்டின் பெயரை அந்நோய்க்கு இட்ட நாடு ஒன்றேனும் உண்டோ? இல்லை. 1530-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிரக்காஸ்டோரோ ஒரு கவிதை நூல் இயற்றினார். அதில் வரும் கற்பனை ஆயனின் பெயரிலிருந்து பிறந்த சிபிலிஸ் என்பதே பிற்காலத்தில் நோயின் பெயராக நிலைத்தது. யார்மீதும் பழி சுமத்தாத பெயர் ஒன்று கிடைக்க, இல்லாத மனிதன் ஒருவனைப் படைக்க வேண்டியிருந்தது!

படையும் கப்பலும் நோயின் வழிகளாக இருந்த காலம் நெடிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு தன் படைவீரரிடையே இந்நோய் பெருகுவதைக் கண்டு அஞ்சிற்று. 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்று நோய்ச் சட்டங்கள் என்ற பெயரில் மூன்று சட்டங்களை இயற்றிற்று. துறைமுகங்களிலும் படைத்தலங்களிலும் பரத்தை என்று காவலர் ஐயுறும் எந்தப் பெண்ணையும் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தலாம். நோய் காணப்பட்டால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம் என்பது அச்சட்டங்களின் சாரம். இந்தியாவிலும் 1868-ஆம் ஆண்டில் அதே போன்ற சட்டம் பிறந்தது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே சென்னை மாகாணத்துப் படைத்தலங்களில் 'லாக் ஆஸ்பத்திரி' என்னும் தனி மருத்துவமனைகள் இருந்தன. அவையும் பெண்களை அடைத்து வைத்த இடங்களே.

ஆடவரின் நிலை என்ன? படைவீரரைச் சோதித்தால் அவர்களுடைய தன்மதிப்புக் குன்றும் என்று கருதி, அவ்வழக்கத்தை அதிகாரிகள் முன்பே கைவிட்டிருந்தனர். 1871-ஆம் ஆண்டில் இச்சட்டங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு ஒரு விளக்கமும் தந்தது. பெண் பொருளுக்காகத் தவறுகிறாள். ஆணோ இயற்கையின் உந்துதலுக்கு இடம் தந்துவிடுகிறான். ஆகவே இருவரையும் ஒப்பிடல் ஆகாது என்பது அதன் கருத்து. இதனை நீதி என்று கொள்வோர் இன்று இலர். நீதி ஒரு புறம் இருக்கட்டும். மருத்துவ நோக்கில் பார்த்தாலும் இது பிழை. ஒருத்தியைக் குணப்படுத்தி வெளியே அனுப்பினால், சோதனைக்கு உட்படாத வீரன் அவளுக்கே நோயை மீண்டும் தருவான். அக்காலத்தில் குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. நச்சுத்தன்மை மிக்க பாதரசத்தையே பெரிதும் நம்பினர். ஜோசபின் பட்லர் என்னும் பெருமாட்டி 1869 முதல் இச்சட்டங்களை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பேசினார். கண்ணியமுள்ள பெண்கள் வாயெடுத்துப் பேசக் கூடாத பொருள் என்று சமுதாயம் ஒதுக்கி வைத்ததை அவர் மேடையேற்றினார். 1886-இல் இங்கிலாந்துச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1888-இல் இந்தியச் சட்டமும் நீங்கிற்று.

அடுத்து வந்தது அறிவியலின் காலம். 1905-இல் பெர்லின் நகரில் ஷவுடின், ஹாப்மன் என்ற இருவர் சிபிலிஸ் கிருமியைக் கண்டனர். அடுத்த ஆண்டே வாசர்மன் இரத்தச் சோதனை முறையை வகுத்தார். பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞரும் ஹாட்டா என்னும் ஜப்பானிய அறிஞரும் கண்ட சால்வர்சான் என்னும் மருந்து 1910-இல் விற்பனைக்கு வந்தது. 1916-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஒரு புதிய வழியைக் கைக்கொண்டது. கட்டாயத்தை விடுத்து, எவரும் தாமே வந்து, கட்டணமின்றியும் மறைவாகவும் மருத்துவம் பெறும் நிலையங்களை நாடெங்கும் அமைக்கத் தொடங்கிற்று. அடைத்து வைத்த கதவைவிடத் திறந்து வைத்த கதவு மிகுதியாகப் பயன் தரும் என்பதை அரசு உணர இரண்டு தலைமுறைகள் ஆயின.

மருந்து வந்த பின்னும் சொல் வரவில்லை. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் தலைவர் தாமஸ் பாரன், பெரிய வானொலி நிறுவனம் ஒன்றில் பேச அழைக்கப்பட்டார். சிபிலிஸ் என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டுப் பேச வேண்டும் என்று நிறுவனத்தார் வேண்டினர். நோயின் பெயரைச் சொல்லாமல் நோயை எப்படி ஒழிப்பது? அவர் பேசவே மறுத்துவிட்டார். 1936-இல் அவர் அமெரிக்க நாடு முழுவதற்கும் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவரானார். நோயுற்றவரைத் தேடுக, மருத்துவம் அளித்திடுக, அவரோடு உறவு கொண்டவரைக் கண்டறிந்து அவருக்கும் மருத்துவம் அளித்திடுக என்பது அவர் வகுத்த திட்டம். உலகெங்கும் பால்வினை நோய்த் தடுப்பின் முதுகெலும்பாக இருப்பது அதுவே. 1943-இல் மஹோனி என்ற மருத்துவர், பென்சிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று காட்டினார். பழைய நோய் தீர்க்கக்கூடிய நோயாயிற்று.

ஆயினும் அதே துறையின் கீழ்தான் மற்றொரு கொடுமையும் நிகழ்ந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை, ஏறக்குறைய 600 கறுப்பின ஆடவரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வில் வைத்திருந்தது. அவர்களுள் 399 பேருக்குச் சிபிலிஸ் இருந்தது. உங்களுக்கு இன்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பென்சிலின் எங்கும் கிடைத்த காலத்திலும் அதனைத் தரவில்லை. நோய் என்ன செய்கிறது என்று பார்த்துக் கொண்டிருந்தனர். சிலர் மாண்டனர், மனைவியர் சிலருக்கும் நோய் தொற்றியது. 1997-இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மருந்தை மறுத்ததோடு உண்மையையும் மறுத்த இக்குற்றத்தால், மருத்துவர்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை நெடுங்காலம் குலைந்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். அவர் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், எச்.ஐ.வி. கிருமி நம்மிடையே உண்டா என்று சோதிக்கும் பணியை ஒப்படைத்தார். நிர்மலா சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் இரத்தம் பெற்று, சோதனை வசதி இருந்த வேலூருக்கு எடுத்துச் சென்றார். சிலருடைய இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. அது பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் இங்கும் முதலில் சோதனைக்குக் கிடைத்தது அடைத்து வைக்கப்பட்ட பெண்களின் இரத்தமே. அவர்களிடம் வந்து போன ஆடவர் எங்கே? அவர்கள் வீட்டிலும், அலுவலகத்திலும், நெடுஞ்சாலை லாரிகளிலும் இருந்தனர். 1997-இல் புனே நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, கணவனைத் தவிர வேறொருவரையும் அறியாத மனைவியரிடமும் எச்.ஐ.வி. பரவியிருந்ததை எடுத்துக் காட்டியது. வீட்டுக்குள் நோயைக் கொண்டு வந்தவர் யார் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இதனை உணர்ந்து, 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் ஆடவரைத் தேடிச் சென்று, லாரி நிறுத்தங்களிலும் ஆணுறையைப் பற்றிப் பேசத் தொடங்கின.

கப்பல், படை, நெடுஞ்சாலை என்று வந்த வரிசையில் அடுத்தது இணையம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். எச்.ஐ.வி. சோதனை நிலையத்துக்கு வந்த 856 பேரைக் கேட்டதில், 135 பேர் இணையத்தின் வழியே துணை தேடியதாகக் கூறினர். அவர்களுள் 88 பேர் அவ்வாறு அறிமுகமானவரோடு உறவும் கொண்டிருந்தனர். இணையத்தில் தேடியவரிடையே ஆடவர் மிகுதி. முன்பே பால்வினை நோய் கண்டவரும் துணைகள் பலரை உடையவரும் மிகுதி. இச்செய்தி வந்தவுடன், இணையமே புதிய நோய்க்களம் என்ற குரல் எழுந்தது. 500 ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டின்மேல் விழுந்த பழி, இம்முறை ஒரு கருவியின்மேல் விழுந்தது.

ஆனால் அதே டென்வர் நகரின் பால்வினை நோய் மருத்துவமனையில் பின்னர்ப் பல்லாயிரம் பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, 2009-இல் வேறொரு முடிவைத் தந்தது. இணையத்தில் துணையைக் கண்டவர், வேறு வழியில் கண்டவர் ஆகிய இரு சாராரையும் ஒப்பிட்டபோது, இணையத்தில் கண்டதனாலேயே நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. பெண்ணை நாடும் ஆடவரிடத்தும் இம்முடிவே கிடைத்தது. இதன் பொருள் என்ன? சந்தித்த இடம் நோயைத் தருவதில்லை. துணைகளின் எண்ணிக்கை, ஆணுறை அணியாமை, சோதனை செய்து கொள்ளாமை, தெரிந்ததைச் சொல்லாமை ஆகியவையே தருகின்றன. இணையம் இவற்றை எளிதாக்கலாம். ஒருவர் மிகக் குறுகிய காலத்தில் பலரைச் சந்திக்கலாம். பெயரும் ஊரும் அறியாமலே பிரியலாம். பின்னர் நோய் தெரிந்தால் யாருக்குச் சொல்வது?

இக்கேள்வி 1999-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் உண்மையாகவே எழுந்தது. ஆணை நாடும் ஆடவர் சிலரிடையே சிபிலிஸ் தோன்றியது. அவர்கள் இணையத்தில் ஓர் உரையாடல் அறையில் அறிமுகமானவர்கள். தம் துணைவரின் புனைபெயரை மட்டுமே அறிந்திருந்தனர். சுகாதாரத் துறையினர் அந்த அறையைப் பழிக்கவுமில்லை, மூட முயலவுமில்லை. அதே அறைக்கு வருவோரிடத்தில் இணையத்தின் வழியாகவே எச்சரிக்கையைச் சேர்ப்பித்து, மருத்துவரைக் காணச் செய்தனர். 2004-இல் அந்நகரில் மற்றொரு வசதியும் வந்தது. நோயுற்றவர் தம் பெயரிட்டோ இடாமலோ, 'நீயும் சோதித்துக்கொள்' என்ற செய்தியை மின்னஞ்சல் அட்டையாகத் துணைவருக்கு அனுப்பலாம். பாரன் வகுத்த திட்டந்தான். தபாலுக்குப் பதில் மின்னஞ்சல். நோய் சென்ற வழியிலேயே செய்தியும் செல்லும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய இளைஞர், சிறப்பாக ஆடவர், அறிய வேண்டுவன சில. எனக்கு ஒன்றுமில்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்பது ஆடவர் கூறும் வழக்கமான சொல். அச்சொல்லை நம்புவதற்கில்லை. சிபிலிஸின் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் மருந்தின்றித் தானே ஆறிவிடும். ஆனால் நோய் உள்ளே தொடரும். கிளமிடியா என்னும் தொற்றுடைய ஆடவர் பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. அவரிடமிருந்து அதனைப் பெற்ற பெண்ணுக்கோ, கருக்குழாய் கெட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமற் போகலாம். கருவுற்ற பெண்ணின் சிபிலிஸ் வயிற்றிலுள்ள குழந்தையைக் கொல்லவும் கூடும். எச்.ஐ.வி. பல்லாண்டுகள் வெளித் தோன்றாமல் இருக்கும். ஆகவே ஆடவன் உணராத நோயின் விலையை, அவனோடு சேர்ந்தவளும் பிறவாத குழந்தையும் கொடுக்க நேர்கிறது.

இதற்குரிய மாற்றும் நம் கையில் உள்ளது. ஆணுறையை முறையாக அணிந்தால் இந்நோய்கள் தொற்றும் வாய்ப்புப் பெரிதும் குறையும். எனினும், தோலோடு தோல் படுவதால் தொற்றும் சிலவற்றை அது முற்றும் தடுப்பதில்லை. ஆதலால் சோதனை வேண்டும். தொற்றியவுடன் சில நோய்கள் சோதனையில் தெரியா. மருத்துவர் கூறும் காலம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நோய் காணப்பட்டால் இருவருக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் வேண்டும். ஒருவர் மட்டும் பெற்றால் லாக் ஆஸ்பத்திரியின் கதைதான். சிபிலிஸ், கிளமிடியா, கொனோரியா என்னும் வெட்டைநோய் ஆகியவை மருந்தால் தீர்பவை. கல்லீரல் அழற்சி பி, மனித பாப்பிலோமா வைரஸ் ஆகியவற்றைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. தீர்வதில்லை, ஆயினும் மருந்தை இடைவிடாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் எச்.ஐ.வி. சோதனையும் அறிவுரையும் கட்டணமின்றித் தருகிறார்கள். 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், ஒருவரது இசைவின்றிச் சோதித்தலையும், எச்.ஐ.வி. உடையவரை வேலையிலும் பள்ளியிலும் வேறுபடுத்தி நடத்துதலையும் தடை செய்கிறது. அவரது செய்தியை மறைவாகக் காக்கவும் பணிக்கிறது. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் படித்தால், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

ஆனால் சட்டம் செய்ய முடியாத செயல் ஒன்று எஞ்சி நிற்கிறது. சோதனைத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஆடவன், தன்னோடு உறவு கொண்டவளிடம், 'எனக்கு இன்ன நோய் இருக்கிறது. நீயும் சோதித்துக்கொள்' என்று சொல்ல வேண்டும். அவள் மனைவியாக இருக்கலாம், காதலியாக இருக்கலாம், திரையில் கண்டு ஒரு முறை மட்டும் சந்தித்தவளாகவும் இருக்கலாம். அவளுடைய பெயரைக்கூட அவன் சரியாக அறியாமல் இருக்கலாம். ஆயினும் செய்தி அனுப்பும் வழி அவன் கையில் இருக்கிறது; அவ்வழியேதான் அவளைக் கண்டான். நோயின் பெயரைச் சொல்ல அஞ்சிய காலங்களிலெல்லாம் நோய் வளர்ந்தது. சொல்லத் துணிந்த காலங்களிலெல்லாம் அது தளர்ந்தது. அயல்நாட்டான்மீதும், பெண்மீதும், கருவிமீதும் பழி சுமத்தி 500 ஆண்டுகள் கழிந்தன. பழியை விடுத்து உண்மையைச் சொல்லும் ஆண்மை, இன்று கல்லூரியில் பயிலும் உங்கள் தலைமுறையிடம் வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.